உரக்கப் பாடாத ஆண்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், தமிழ்ச் சினிமா வாய் திறந்து பேசியதும் ஒரே ஆண்டில், 1931இல், நிகழ்ந்தவை. பட்டணத்துக்குத் தெற்கே ஏரியும் வயலுமாகக் கிடந்த செம்பாக்கம் முதலிய கிராமங்களைக் காலப்போக்கில் நகரத்தோடு பிணைத்த அந்த மின்சாரமே, தமிழ்நாட்டு ஆண்மகன் பாடும் முறையையும் அடியோடு மாற்றியது என்பது நம் சங்கீத சரித்திரத்தில் போதிய கவனம் பெறாத விஷயம். இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிவிட்ட அதே செம்பாக்கத்தில், ராக், மெட்டல் என்னும் மேல்நாட்டு இசையில் ஈடுபட்ட இளைஞன் ஒருவன், கத்தாமலும் கர்ஜிக்காமலும் அடங்கிய குரலில் பாட யாரை ஆசானாகக் கொள்ளலாம் என்று கேட்பானாயின், அவனுக்குரிய விடையை இந்தச் சரித்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மைக் இல்லாத நாடக மேடையில் நடிகனுக்கு முதல் தகுதி, கொட்டகையின் கடைக்கோடியில் இருப்பவன் செவியிலும் சென்று விழும் சாரீரம். 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழாம் வயதில், மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா அந்த யுகத்தின் சிகரம். ஆர்மோனியத்தின் உயர்ந்த கட்டைகளில் சுருதி சேர்த்து, தார ஸ்தாயியில் அநாயாசமாகச் சஞ்சரித்த அவருடைய குரலே பின்வந்தோர்க்கு இலக்கணமாயிற்று. மேடையில் வளர்ந்து திரைக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம் ஆகியோர், ஒலிப்பதிவுக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும், கொட்டகை முழுவதையும் மனத்தில் வைத்தே பாடினார்கள். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், அந்தக் கம்பீரத்துக்கு மக்கள் எவ்வளவு வசப்பட்டிருந்தார்கள் என்பது விளங்கும்.

ஆனால் மைக் என்பது குரலைப் பெரிதாக்கும் சாதனம் மட்டுமன்று; கேட்பவனைப் பாடுபவனின் வாயருகே கொண்டுவந்து உட்கார்த்தும் சாதனமும் ஆகும். 1925ஐ ஒட்டி மின்சார ஒலிப்பதிவு பரவியபின் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி முதலானோர் இந்த உண்மையைக் கண்டுகொண்டு, தொட்டிலருகே தாய் பாடுவதுபோல் மெல்லப் பாடிப் புகழ் பெற்றார்கள். நம் நாட்டில் இதற்கு வழிவிட்டது பின்னணிப் பாடல் முறை. 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் ஏவி. மெய்யப்பன் அதைக் கையாண்டபின், பாடுபவன் மேடை கண்டவனாக இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் மெல்ல மெல்ல நீங்கியது.

அந்தச் சுதந்திரத்தின் முழுப் பயனையும் எடுத்தவர் ஏ.எம். ராஜா. பச்சையப்பன் கல்லூரிப் பட்டதாரியாகிய அவர், 1951இல் ஜெமினியின் ‘சம்சாரம்’ படத்தில் ஒலித்தபோது, தமிழ் ஆணின் குரல் முதன்முறையாக ஒருவரோடு ஒருவர் அந்தரங்கமாகப் பேசும் அளவுக்கு இறங்கியது என்றே நான் கருதுகிறேன். 1955இல் ‘மிஸ்ஸியம்மா’வில் ஜெமினி கணேசனுக்காகவும், 1959இல் தாமே இசையமைத்த ‘கல்யாண பரிசு’ படத்திலும் அவர் பாடிய பாட்டுகளைக் கூர்ந்து கேட்டால், சொல்லின் ஈற்றெழுத்துவரை தேயாமல் உச்சரிப்பதும், சிறிய அசைவுகளோடு ஸ்வரத்தை விட்டுவிடுவதும், மூச்சை வாக்கியத்தின் பொருளுக்கேற்பப் பிரித்துக்கொள்வதும் புலப்படும். அவரையும்விடத் தாழ்ந்து மந்தர ஸ்தாயியில் குடிகொண்டவர், காக்கிநாடாவில் பிறந்த பி.பி. ஸ்ரீநிவாஸ். 1961இல் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, மறு ஆண்டில் ‘சுமைதாங்கி’ என்று அவர் பாடியவற்றில், துயரமும் ஆறுதலும் குரலை உயர்த்தாமலேயே முழுமை பெறுகின்றன. கதாநாயகர்களின் வீரத்துக்கும் ஆவேசத்துக்கும் டி.எம். சௌந்தரராஜனின் வெண்கலக் குரலே வேண்டியிருந்த காலத்தில், இவ்விருவரும் தங்கள் இயல்பை மாற்றிக்கொள்ளாமல் நின்றது சாமானியமான காரியமன்று.

கர்நாடக சங்கீதத்திலும் இதற்கு இணையுண்டு. டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யராகி, அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய எம்.டி. ராமநாதன் (1923–1984), துரித காலத்துப் பிருகாக்களைச் சபைகள் ஆரவாரத்தோடு வரவேற்ற நாட்களில், மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்குரிய அவகாசம் கொடுத்துப் பாடினார்.

இனி ராக் இசைக்கு வருவோம். மெல்லிய குரலைக் கேட்கச் செய்த அதே மின்சாரமே கிடாருக்கு இடிமுழக்கத்தையும் தந்தது. ஆகவே அவ்விரண்டும் பகையாளிகள் அல்ல, ஒரு வயிற்றுச் சகோதரர்கள். அமெரிக்கரான ஜே.ஜே. கேலும், இங்கிலாந்தில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவை நடத்திய மார்க் நாப்ளரும், பேச்சை ஒட்டிய குரலில் பாடிக் கிடாரைப் பேசவிட்டார்கள். மெட்டல் இசையிலோ ஸ்வீடன் நாட்டுக் கட்டடோனியா குழுவின் யோனாஸ் ரென்ஸ்கே, உறுமிப் பாடும் முறையைத் தம் தொண்டை தாங்காதபோது, 1996ஆம் ஆண்டின் இசைத்தட்டில் அப்பொறுப்பை ஓப்பெத் குழுவின் மிக்கேல் ஓக்கர்ஃபெல்டிடம் ஒப்படைத்துவிட்டு, 1998 முதல் ஏற்ற இறக்கம் குறைந்த துயரக் குரலையே தம் முத்திரையாக்கிக்கொண்டார். உறுமலில் பேர்போன ஓக்கர்ஃபெல்டோ, 2003இல் ‘டாம்னேஷன்’ என்னும் தொகுப்பை ஓர் உறுமலுமின்றி இன்குரலிலேயே பாடி முடித்தார். அந்த ஓப்பெத் குழுவே 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் வந்து பாடிற்று. செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிச் சாலையில் சென்றால் எட்டிவிடக்கூடிய அந்த வளாகத்தில், ஒரே மனிதரின் கண்டத்திலிருந்து கர்ஜனையும் கனிவும் மாறிமாறி எழுந்தன.

ஆகவே கற்க விரும்பும் இளைஞனுக்கு நான் சொல்வது இதுதான். உனக்கு வாய்த்த சுருதியைக் கண்டுபிடித்து அதிலேயே நில். அடுத்தவனின் உயரத்தை எட்ட முயன்று தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. மைக்கை எவ்வளவு நெருங்குவது, எப்போது விலகுவது என்பதையும் ஸ்வரத்தைப் போலவே அப்பியாசம் செய். உன் குரல் இறங்கும் இடத்தில் கிடாரும் டிரம்ஸும் இறங்கி இடம் விடும்படி பாட்டை அமை. ஓப்பெத்தின் மென்மை அந்த ஏற்பாட்டினால் நிற்பது. காலையில் ரென்ஸ்கேயைக் கேட்டால் மாலையில் பி.பி. ஸ்ரீநிவாஸைக் கேள், இருவரிடமும் ஒரே பாடம் இருக்கிறது. பலம் இல்லாததால் மட்டும் தாழ்ந்த குரலில் அவர்கள் பாடவில்லை. கேட்பவன் அருகிலேயே இருக்கிறான் என்ற நம்பிக்கையால் பாடினார்கள். அந்த நம்பிக்கையைப் பயின்றவனுக்குத் தமிழும் ஸ்வீடனும் ஒரே பள்ளிக்கூடம்தான்.