சட்ட வயது வரம்பு: சாமல்பட்டியும் கிருஷ்ணகிரி – ஓசூர் எல்லை வட்டாரமும்

சட்ட வயது வரம்பு என்பது ஒருவர் எந்த வயதில் வாக்களிக்கலாம், திருமணம் செய்துகொள்ளலாம், நிலம் விற்கலாம், வேலைக்குச் சேரலாம், வண்டி ஓட்டலாம், மது வாங்கலாம் என்று அரசு வகுத்து வைக்கும் எல்லை. இந்த உரிமைகள் எல்லாம் ஒரே பிறந்தநாளில் வந்து சேர்வதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில் உள்ள சாமல்பட்டியில் வளரும் ஒருவர் 14 வயது முடிந்தால் அபாயமற்ற வேலைக்குப் போகலாம். 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு உரிமம் கேட்கலாம். வாக்கும் சொத்தும் கார் உரிமமும் 18 வயதில் கிடைக்கின்றன. வாடகை லாரி ஓட்ட 20 ஆக வேண்டும். டாஸ்மாக் கடையில் வாங்கவும் ஊராட்சித் தேர்தலில் நிற்கவும் 21. ஆணுக்குத் திருமண வயதும் அதுவே. சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதே நபர் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் வயது விதிகளில் சில மாறிவிடும்.

உடல் எப்போது முதிர்கிறது என்பதை அளந்து இந்த எண்கள் வகுக்கப்படவில்லை. வரி, நிலம், கூலி, பெண் கல்வி, தேர்தல் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனிக் காரணமும் போராட்டமும் இருக்கின்றன. பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போனது. ஓசூர்ப் பகுதி 1799இல் போனது. அன்று முதல் இவ்வட்டாரம் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் இருந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் அரசு தன் சட்டத்தைத் தானே இயற்றிக்கொண்டது. வயது வரம்பின் வரலாற்றை இங்கிருந்து பார்ப்பதில் அதனால் ஒரு வசதி உண்டு. இரண்டு அரசுகள் ஒரே கேள்விக்குச் சொன்ன இரு விடைகள் சில மைல் தூரத்தில் அருகருகே கிடக்கின்றன.

மைனரும் மேஜரும்

இந்து சாத்திர வழக்கில் 16 வயது நிறைவதே பொதுவான வரம்பாக இருந்தது. வங்காளத்தில் அதை 15 என்று கொண்டார்கள். இசுலாமியச் சட்டம் பருவமடைவதை எல்லையாக வைத்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் அது 21. மூன்றும் ஒரே நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்த நிலையை 1875ஆம் ஆண்டு இந்திய மேஜர் வயதுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்து, பொதுவாக 18 என்று வகுத்தது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கும் மைனர்களின் சொத்தை நிர்வகித்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பின் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் மட்டும் 21. இந்த விதிவிலக்கு 1999 திருத்தத்தில்தான் நீங்கியது. திருமணம், மணமுறிவு, தத்து ஆகியவற்றை அச்சட்டம் வேண்டுமென்றே தொடாமல் விட்டது. மதத்தில் கைவைக்க 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய அரசு அஞ்சியது.

மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. இதன் விளைவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்றும் பார்க்கலாம். தகப்பன் இறந்த குடும்பத்தில் நிலம் விற்கும்போது, பிள்ளைகளுக்குத் தாயார் கார்டியன் என்று பத்திரத்தில் எழுதினாலும், 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் சொந்தச் சொத்தை விற்க முடியாது. விற்றுவிட்டால், மேஜரான பின் மூன்றாண்டுக்குள் அந்தப் பிள்ளை வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். தொழிற்பேட்டைகள் பெருகி நிலத்தின் விலை ஏறிய ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரங்களில் வாங்குபவர்கள் வில்லங்கம் பார்க்கும்போது மைனர் பங்கு இருக்கிறதா என்று முதலில் கேட்பது இதனால்தான்.

திருமண வயது

எல்லைக்கு அப்பால்தான் முதல் சட்டம் வந்தது. மைசூர் அரசு 1894இல் குழந்தை மணத் தடுப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. 8 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்விப்பதை அது தடுத்தது. 50 வயதைக் கடந்த ஆண் 14 வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் குற்றமாக்கியது. இன்றைய கண்ணுக்கு 8 என்பது நெஞ்சை உறுத்தும் எண். ஆனால் அந்த ஆண்டில் ஓசூரிலோ சாமல்பட்டியிலோ திருமணத்துக்கு அந்த வரம்புகூடக் கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது உடலுறவுக்கான சம்மத வயது மட்டுமே. 1860இன் தண்டனைச் சட்டத்தில் 10 என்றிருந்த அது, புல்மோனி தாசி என்ற சிறுமி கணவனால் உயிரிழந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சிக்குப் பிறகு, கடும் எதிர்ப்புக்கிடையில் 1891இல் 12 ஆனது.

சென்னை மாகாணத்தில் இதைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று மண வயதை உயர்த்த வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றம் 1928இல் ஏற்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடும் பெண்ணின் மண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. ஆர்க்காடு இராமசாமி முதலியார் இடம்பெற்றிருந்த, சம்மத வயதை ஆராய அரசு அமைத்த ஜோஷி குழு நாடெங்கும் சாட்சியம் கேட்டது. ஆனால் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்து 1929இல் நிறைவேறிய சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பதோடு நின்றது. சென்னை கேட்ட எண்ணைத் தமிழ்ப் பெண்கள் எட்ட இன்னும் ஐம்பதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வர இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்ட மனைவியரின் எண்ணிக்கை ஏறத்தாழ 85 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தது. கோதாவரிப் பக்கத்துக் குடும்பங்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஏனாமுக்குப் போய்த் தாலி கட்டிவந்தன; அந்த ஊருக்குக் கல்யாணபுரம் என்றே பெயர் விழுந்தது. தண்டனை என்று பார்த்தால் ஒரு மாத வெறுங்காவலும் 1,000 ரூபாய் அபராதமும்தான். புகார் கொடுப்பவர் 100 ரூபாய் வரை பிணை எழுதித் தர வேண்டும் என்றிருந்தது. கூலிக்காரர் எவரும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி அந்தப் பிணையோடு போய் நிற்கமாட்டார். செல்லாத காசு போல் அந்தச் சட்டம் கிராமங்களில் கிடந்ததற்கு மக்களின் மனம் மட்டும் காரணமில்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

பெண்ணின் மண வயது 1949இல் 15 ஆனது. 1978 திருத்தம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றாக்கியது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடத்தி வைப்பவருக்கும் பெற்றோருக்கும் இரண்டாண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. பெண்ணுக்கும் 21 என்று உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது.

இவ்வட்டாரத்தில் பெண்களை 18 வரை வீட்டில் வைத்திருக்கச் செய்ததில் தண்டனைப் பிரிவுகளைவிடப் பள்ளிக்கும் பணத்துக்கும் பங்கு அதிகம் என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. 1989இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் முதலில் 5,000 ரூபாய் தந்தது. மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பின்னர் படிப்பு பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தாலிக்குத் தங்கம் சேர்ந்தது. பத்தாவது முடிக்காவிட்டால் தங்கம் கிடைக்காது என்ற ஒரு வரி, எத்தனையோ வீடுகளில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவிருந்த தகப்பனை யோசிக்க வைத்தது. 2022 செப்டம்பரில் அத்திட்டத்தின் இடத்தில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். திருமணத்துக்கான உதவி படிப்புக்கான உதவியாக மாறியது சரியான திசை.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் (2019–21) படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18க்கு முன்பே மணமானவர்கள்; இந்திய அளவில் இது 23.3 விழுக்காடு. 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதிச் சிறுமி ஒருத்திக்கு 14 வயதில் பெங்களூரில் வைத்து 29 வயது ஆணோடு கல்யாணம் முடித்தார்கள். கணவன் வீட்டுக்குப் போக மறுத்த அவளைத் தூக்கிச் செல்லும் காட்சி வெளியாகி மாநிலமே பதறியது. பிறகு கைதுகள் நடந்தன.

வேலைக்கான வயது

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் ஆலைக்கு வெளியே நிறுத்தியது. அந்த எல்லை 1891இல் 9, 1922இல் 12, 1948இல் 14 என்று ஏறியது. பீடிப் பட்டறைகளில் பிள்ளையை அடகு வைத்து முன்பணம் வாங்கும் வழக்கத்தைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் வெளிக்கொணர்ந்தது. அதன் பிறகு, 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று 1933இல் சட்டம் வந்தது. அரசமைப்பின் 24ஆம் உறுப்பு ஆலை, சுரங்கம், அபாய வேலைகளுக்கு 14ஐ வரம்பாக்கியது. சுரங்கத்துக்கு மட்டும் 1983 திருத்தம் 18 என்றது. கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்கு இது மிக முக்கியமான எண். 2016 திருத்தத்தின் பின் 14க்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை அபாய வேலை கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு அதே சட்டத்தில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் நடக்கும் எந்த வேலையும் குடும்பத் தொழில் என்ற பெயரில் அதற்குள் நுழைந்துவிடும். இந்த ஓட்டையை அடைக்காமல் 14 என்ற எல்லை முழுமையாகாது.

வாக்கு

சுதந்திர இந்தியா 21 வயதில் வாக்கு தந்தது. இலங்கை நம்மை முந்திக்கொண்டு 1959இலேயே 18க்கு இறங்கியது. அமெரிக்கா, வியட்நாம் போருக்கு 18 வயதுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாக்கு மறுப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதிலாக 1971இல் இறங்கியது. இந்தியாவில் ராஜீவ் காந்தி ஆட்சியில் 61ஆவது திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் அதற்கு முன்பே, ஜனவரி 21 அன்று முடிந்துவிட்டது. ஆட்சி மாற்றம் நிகழ்ந்த அந்தத் தேர்தலில் 18, 19, 20 வயது இளைஞர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நவம்பர் மக்களவைத் தேர்தலில்தான் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள்.

வயதுக்குச் சான்று

எந்த வரம்பும் பிறந்த தேதி தெரிந்தால்தான் பிடிக்கும். சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. கிராமத்தில் மணியக்காரர் ஏட்டில் பிள்ளையின் பெயர் இராது. தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கும். வீட்டில் பிறந்த பல பிள்ளைகள் அதிலும் ஏறவில்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில் வாத்தியார் பிள்ளையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று, ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் மாதத் தேதியையோ எழுதிக்கொள்வார். அந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும் போய், பிறகு ஓட்டு, உரிமம், கல்யாணம், பணி ஓய்வு எல்லாவற்றையும் தீர்மானித்தது. பள்ளிப் பக்கமே போகாதவருக்கு எலும்பு வளர்ச்சியைப் படமெடுத்துப் பார்க்கும் சோதனைதான் வழி. அதில் இரண்டாண்டு முன்பின் இருக்கும் என்பதை 1982இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. 17க்கும் 18க்கும் இடையில் ஒருவர் சிறை செல்வதா இல்லையா என்ற வழக்கில் அந்த இரண்டாண்டு சின்ன விஷயமல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே வயதுச் சான்று.

எல்லைக்கு இருபுறமும்

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது வரம்பு. கர்நாடகத்தில் கலால் சட்டம் 18 என்றும் அதன் விதி 21 என்றும் முரண்பட்டு நின்றன. 2023 ஜனவரியில் விதியையும் 18 ஆக்க வெளியிட்ட வரைவை, எதிர்ப்பு எழுந்ததும் அரசு திரும்பப் பெற்றது. புகையிலைக்கு 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 18 என்றது. கர்நாடகம் 2025இல் தன் மாநிலத்துக்கு 21 ஆக்கியது. ஓசூர்ப் பெட்டிக்கடையில் 18 வயதில் வாங்கக்கூடியதை அதே வயதினருக்கு அத்திப்பள்ளியில் விற்றால் இப்போது குற்றம்.

இவற்றைவிடக் கனமான வேறுபாடு திருமணத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் 2016 திருத்தம் அங்கே நடக்கும் குழந்தைத் திருமணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் அது பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய் ரத்து கேட்கும்வரை நிற்கும். மேஜரான பின் இரண்டாண்டுக்குள் கேட்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் தன் குடும்பத்துக்கு எதிராக வழக்கறிஞரைத் தேடிப் போவாள் என்று இச்சட்டம் எதிர்பார்க்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத் திருத்தத்தைப் பாராட்டி மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றினால் நல்லது என்றது. கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்வரும் இந்த மாவட்டத்துக்காகவாவது தமிழ்நாடு அதைச் செய்திருக்க வேண்டும்.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எவரோடும் பாலுறவு குற்றம் என்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அதே 2017 தீர்ப்பு, தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு இருந்த விலக்கையும் நீக்கியது. 16 வயது கடந்தவர்கள் விரும்பிச் சேரும் வழக்குகளுக்கு வேறு வழி வேண்டும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் யோசனை சொன்னார். வயதைக் குறைக்க வேண்டாம், தண்டனையில் நீதிமன்றத்துக்கு விருப்புரிமை தரலாம் என்று சட்ட ஆணையம் 2023இல் அறிக்கை தந்தது.

இந்த விவாதத்தின் சுமையை அன்றாடம் தாங்குவது ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை பிக்மி என்ற கணினிப் பதிவில் சேர்க்கிறார்கள். 2017 முதல் அந்தப் பதிவு எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது கடினம். பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியர் ஆதாரைப் பார்க்கிறார், வயது 17 என்று வருகிறது. போலீசுக்குச் சொல்லாவிட்டால் போக்சோவின் கீழ் அவர் மீதே வழக்கு. சொன்னால் அந்தப் பெண்ணின் கணவன் சிறைக்குப் போவான், அவள் மறுமுறை பரிசோதனைக்கு வரமாட்டாள், பிரசவம் வீட்டில் நடக்கலாம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைப் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மருத்துவருக்கு விலக்கு தந்தது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வரும் சிறுமிக்கும் அவள் எதிரே பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் செவிலியருக்கும் அத்தகைய விலக்கு இன்னும் இல்லை.