நெல்லோடு உமியும் ரயிலேறுகிறது

எங்க ஊர் நீடாமங்கலம். இந்த ஊர் வழியா பஸ்ஸில் போனவங்களுக்கு எங்க ரயில்வே கேட்டை மறக்கவே முடியாது. மூடினா எப்போ திறக்கும்னு சொல்ல முடியாது. பல நாள் காரணம், சரக்கு ரயிலில் நெல் ஏற்றுவதுதான். வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகும் நெல்.

பி.காம். படிக்கிறவன் சும்மா நிற்பானா? கேட்டில் நின்றபடி ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ரயிலுக்கு 2,000 டன் என்று வையுங்கள். 40 கிலோ மூட்டையில் 50,000 மூட்டை. அரசு அரவைக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி. அப்படியானால் அரிசி 1,360 டன்தான். மீதி 640 டன் பெரும்பாலும் உமியும் தவிடும். அதையும் சேர்த்தே சுமக்கிறோம்!

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1960-ல் தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ் திட்டம்' என்ற தீவிர வேளாண் திட்டம் வந்தது. (அப்போது நாங்களும் தஞ்சை மாவட்டம்தான். திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்.) அடுத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்து குறுவை பெருகியது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகமே தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது.

விளைச்சல் கூடியது சரி. ஆனால் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்தன. ஈர நெல்லை எங்கே காயவைப்பது? களத்திலேயே முளைவிட்டது. பழைய ஹல்லர் மில்களில் அரிசி நொறுங்கும், தவிடும் உமியும் கலந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் திருவாரூர் வருகிறது. ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு நாட்டில் அமைந்த முதல் நவீன அரிசி ஆலைகளில் ஒன்று திருவாரூரில், கூட்டுறவுத் துறையில் அமைந்தது. ரப்பர் உருளையில் உமி தனியே கழன்றது. தவிடு சுத்தமாகக் கிடைத்ததால் அதிலிருந்து எண்ணெய் எடுக்க முடிந்தது. உமியை எரித்தே கொதிகலனை ஓட்டலாம். நாள் கணக்கில் தண்ணீரில் ஊறி நாறிய நெல், சுடுதண்ணீர் முறையில் சில மணி நேரத்தில் ஊறியது. நீரும் மிச்சம், நேரமும் மிச்சம். 1967-ல் அங்கே ஒரு நெல் பதன ஆய்வுக்கூடமும் தொடங்கியது. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் வி.சுப்பிரமணியன் அதை வளர்த்தவர். அதுதான் இன்று தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்.

'சஸ்டெய்னபிள் சப்ளை செயின்' என்று இன்று பாடப்புத்தகம் சொல்வதை, அந்தப் பெயர் இல்லாமலே இங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். விளையும் இடத்திலேயே காயவை, அரை, கழிவை எரிபொருளாக்கு. அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் நெல் ரயிலேறுகிறது? 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மத்திய தொகுப்புக்காகவும் அதுவே நெல் வாங்குகிறது. அறுவடையோ இயந்திரம் வந்தபின் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அத்தனை நெல்லையும் உடனே அரைக்க உள்ளூர் ஆலைகளால் முடியாது. திறந்தவெளியில் கிடந்தால் நனையும். ஆகவே அனுப்பித்தான் ஆகவேண்டும். லாரியைவிட ரயில் டீசலை மிச்சப்படுத்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். வாங்கும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மழை வருடங்களில் விதியைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போகிறது, குழு வருகிறது, அளக்கிறது. அதுவரை எங்க அப்பா மாதிரி ஆட்கள் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக ரோட்டோரம் நிற்கிறார்கள். காயவைக்கும் செலவும் நஷ்டமும் விவசாயி தலையில். அது எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

என்னைக் கேட்டால், மாற்றவேண்டியது ஈர அளவை அல்ல, வேலையின் வரிசையை. இப்போது வாங்கிய பிறகுதான் எல்லாம் நடக்கிறது. கொள்முதலுக்கு முன்னால், நாலைந்து ஊருக்கு ஒன்றாக உமியில் ஓடும் உலர்த்தி வைத்தால்? அறுபது வருடத்துக்கு முன் பக்கத்து ஊர் திருவாரூர் கற்றுக்கொடுத்த பாடம்தானே!

நீங்க என்ன நினைக்கிறீங்க? அடுத்த முறை கேட்டில் மாட்டினால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நேரம் நிறைய இருக்கும்!