சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம்

சென்னை பாரிமுனையில் உள்ள செந்நிறக் கட்டடத் தொகுதி. இந்தோ-சாரசெனிக் பாணிக்குத் தமிழகத்திலுள்ள சிறந்த சான்றுகளுள் ஒன்று. பேச்சுவழக்கில் ஐகோர்ட்டு.

இவ்விடத்திலோ இதன் அருகிலோ இருந்த சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் 18ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, பூக்கடைப் பகுதியில் மீண்டும் கட்டப்பட்டன.

விக்டோரியா அரசியின் 1862 ஜூன் 26ஆம் நாளிட்ட சாசனத்தால் உயர் நீதிமன்றம் உருவானது. சொந்தக் கட்டடத்துக்கு அது முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1888இல் பணி தொடங்கியது. முதல் வரைபடம் கட்டடக் கலைஞர் பிராசிங்டனுடையது. அதைத் திருத்தி முடித்தவர் ஹென்றி இர்வின். இருவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். செலவு ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். 1892 ஜூலை 12 அன்று திறப்பு விழா நடந்தது.

குவிமாடங்கள், சிறு கோபுரங்கள், நீண்ட தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் என அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கட்டடத்தின் தனிச்சிறப்பு அதன் உச்சியில்தான் இருந்தது. 1844 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டி வந்த கருங்கல் கலங்கரை விளக்கத் தூணைவிட நீதிமன்றத்தின் பெரிய குவிமாடம் உயரமாக அமைந்துவிட்டதால், 1894இல் விளக்கை அங்கேயே ஏற்றினார்கள். கீழே வழக்கு நடக்க, மேலே கடலுக்கு ஒளி காட்டிய கட்டடம் இது. வேறெந்த நீதிமன்றத்துக்கும் இப்படியொரு பணி எளிதில் வாய்த்திருக்காது. 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்த பிறகே அப்பணி முடிந்தது. பழைய தூண் வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று மதில் சுவரைத் தாக்கியது. அந்த இடத்தில் நினைவுக் கல்வெட்டு உண்டு. உள்ளே, இந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை அமர்ந்த நிலையில், காலணியின்றி வடிக்கப்பட்டுள்ளது.

உலகின் இரண்டாவது பெரிய நீதிமன்ற வளாகம் என்று இதைச் சொல்வதுண்டு. எந்த அளவுகோலின்படி என்பதை அப்படிச் சொல்வோர் விளக்குவதில்லை.

2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், சென்னை வளாகத்தின் எல்லா வாயில்களையும் ஒரு நாள் முழுக்க மூடும் வழக்கம் இருக்கிறது. வளாகத்தின் ஊடே செல்லும் பாதைக்குப் பொதுமக்கள் உரிமை கோராதிருக்கவே இந்த ஏற்பாடு என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.