ஃபைபர் கேபிளுக்கு கனெக்டர் போடுவது எப்படி? நாமே செய்யலாமா... ஆளைக் கூப்பிடணுமா?

வீட்டு பிராட்பேண்ட், கடை சிசிடிவி, பள்ளியின் இரண்டு பிளாக்குகளை இணைக்கும் நெட்வொர்க் என எங்கு பார்த்தாலும் ஃபைபர் கேபிள்தான். காப்பர் லேன் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும். ஃபைபர் கிலோமீட்டர் கணக்கில் போகும். கேபிளை இழுத்துவிடலாம். முனையில் கனெக்டர் போடும்போதுதான் கேள்வி வருகிறது. டூல் கிட் ஆன்லைனிலேயே கிடைக்கும்போது டெக்னீஷியனுக்கு எதுக்கு காசு?

இதில் என்ன கஷ்டம்?

சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். கண்ணாடி இழையின் மொத்தத் தடிமனே 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட இரண்டு முனைகள் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். ஒரு தூசு உட்கார்ந்தாலே சிக்னல் குறையும்.

இரண்டு வழிகள்

ஃபாஸ்ட் கனெக்டர்: ஃபைபரைத் தோலுரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரால் நேராக வெட்டி உள்ளே செருகினால் போதும். மெஷின் வேண்டாம். இழப்பு வழக்கமாக 0.3 முதல் 0.5 டெசிபல்.

ஃப்யூஷன் ஸ்ப்ளைசிங்: ஃபேக்டரியில் கனெக்டர் போட்டு வரும் பிக்டெயிலை, மின்பொறியால் உருக்கி கேபிளோடு ஒட்டுவது. இழப்பு பெரும்பாலும் 0.1 டெசிபலுக்கும் கீழே. ஆனால் மெஷின் விலை பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம்

கனெக்டர் போட்டதும் 'நெட் வந்துடுச்சு, அப்போ சரிதான்' என்று விட்டுவிடுவார்கள். அது டெஸ்ட் இல்லை. சிவப்பு லேசர் பேனா அடித்துப் பார்த்தால் கேபிள் எங்கும் அறுந்திருக்கிறதா என்று தெரியும். எவ்வளவு ஒளி வீணாகிறது என்று தெரியாது. 3 டெசிபல் போனாலே ஒளி பாதியாகிவிடும். அரைகுறை கனெக்டர் இன்று வேலை செய்யும். கொஞ்ச நாளில் கேபிள் அசைந்தாலோ தூசு சேர்ந்தாலோ நெட் விட்டு விட்டு வரும். எனவே பவர் மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எப்போது நாமே செய்யலாம்?

கேபிள் உங்களுடையது, அடிக்கடி இந்த வேலை வரும், நல்ல கிளீவரும் பவர் மீட்டரும் இருக்கிறது, லைன் சில மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். முதல் சில கனெக்டர்கள் வீணாகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடணும்?

நான்கைந்து முனைகள்தான், அதுவும் ஒரே ஒரு தடவை என்றால் டூல் வாங்கும் செலவே கூலியைத் தாண்டலாம். பில்லிங், ஆஸ்பத்திரி போன்று நிற்கவே கூடாத லைனுக்கும் ஆள்தான் சரி. இன்டர்நெட் நிறுவனத்தின் கேபிள் அறுந்தால் அவர்களிடமே புகார் கொடுங்கள். அது அவர்கள் பொறுப்பு.

மூன்றாவது வழியும் இருக்கு

தூரம் துல்லியமாகத் தெரிந்தால், இரு முனையிலும் கனெக்டர் போட்ட ரெடிமேட் கேபிளையே வாங்கலாம். அளவை விட சில மீட்டர் கூடுதலாக வாங்கி, மிச்சத்தைப் பெரிய வட்டமாகச் சுற்றி வைக்கலாம். பைப் வழியாக இழுப்பதாக இருந்தால் கனெக்டர் தலை நுழையுமா என்று முதலில் பாருங்கள். பச்சை கனெக்டரின் முகம் சாய்வானது, நீலம் அப்படியல்ல. இரண்டையும் இணைக்கக் கூடாது.

கவனம்!

வெட்டிய கண்ணாடித் துண்டு தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி அணிந்து, துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அந்த இடத்தில் சாப்பிட வேண்டாம். லைனில் வரும் ஒளியும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் முனையை உற்றுப் பார்க்கவே கூடாது.

ஆளை வைத்துச் செய்தாலும் ஒவ்வொரு முனைக்கும் பவர் மீட்டர் ரீடிங்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு லைன் மக்கர் செய்தால், கோளாறு கேபிளிலா மோடத்திலா என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும்.