பாப்லோவின் மந்தை

வட அமெரிக்கச் சமவெளியில் வாழும் பைசனைக் காட்டெருமை என்று எழுதுவது நம்மவர் வழக்கம். வகுப்பில் அப்பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் நம் காட்டுச் செலாடாங்கை நினைத்துக்கொள்வர். அது வேறு இனம். நிற்க.

கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கு தோலுக்காகச் சுடப்பட்டு அழிந்தது. 1889இல் வில்லியம் ஹார்னடே வெளியிட்ட கணக்கின்படி எஞ்சியவை 1,091 மட்டுமே. பின்னர் அரசாங்கங்கள் அதனைக் காத்தன என்று நூல்கள் கூறும். காப்பதற்கு மந்தை எங்கிருந்து வந்தது என்பதை அவை விரைந்து கடந்துவிடும்.

மொன்டானா மாநிலத்துப் பிளாட்ஹெட் பழங்குடி நிலத்திற்கு, 1870களில் பெண்டோரேய் இனத்தார் மலை கடந்து சில கன்றுகளை ஓட்டி வந்தனர். அவற்றின் வழிவந்த பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை 1884இல் மிஷேல் பாப்லோவும் சார்லஸ் அலார்டும் விலைக்கு வாங்கினர். பாப்லோவின் தாயார் பிளாக்ஃபீட் இனத்தவர், தந்தையார் மெக்சிகோக்காரர்.

அவர்கள் மந்தைக்குக் கொட்டில் கட்டவில்லை. பைசன் தலையை இருபுறமும் வீசிப் பனியை விலக்கி, அடியிலுள்ள புல்லை மேயும். மாட்டுக்குச் சேர்ப்பதுபோல் வைக்கோல் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. பசுக்கள் கன்றுகளோடு கூட்டமாகவும், முதிர்ந்த காளைகள் இனச்சேர்க்கைக் காலம் தவிரத் தனித்தும் திரியும். அப்படித் திரியவிட்டதே அவர்கள் கையாண்ட முறை. வேண்டியதெல்லாம் நிலம் ஒன்றுதான். அந்நிலமோ பழங்குடியினரின் பொதுச் சொத்து.

1896இல் அலார்டு இறந்தார். அவர் பங்கு பிரிந்து விலைபோயிற்று. 1904ஆம் ஆண்டுச் சட்டம் நிலத் துண்டாடலுக்கு வழி வகுத்தது. 1910இல் வெளியார் குடியேறினர். மேய்ச்சல் நிலம் பறிபோவதை முன்னரே உணர்ந்த பாப்லோ மந்தையை விற்க முன்வந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை. 1907இல் கனடா அரசு தலைக்கு 245 டாலர் வீதம் வாங்கியது.

விற்பது எளிது; பிடிப்பதன்றோ அரிது! குதிரை வீரர்கள் வளைத்தால் மந்தை திரும்பிப் பாயும். 1908இல் ஆற்று வளைவில் அடைத்தவற்றுள் பெரும்பாலானவை இரவோடிரவாகச் செங்குத்தான கரையேறித் தப்பின. கடைசியில் வண்டிகளின்மேல் மரக் கூண்டுகள் கட்டி, ரவாலி ரயில் நிலையத்திற்குச் சிறிது சிறிதாகக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 700 உருப்படிகளை அனுப்பி முடிக்க 1912 ஆயிற்று.

அல்பர்ட்டாவின் வெயின்ரைட்டில் வேலிக்குள் அம்மந்தை பெருகியது. பெருகியதே வினையாயிற்று: புல் போதவில்லை, காசநோயும் பரவியது. 1925 முதல் 1928 வரை 6,600க்கும் மேற்பட்டவற்றை வடக்கே வுட் பஃபலோ பூங்காவிற்கு அனுப்பினர். நோயும் உடன் சென்றது. வளர்த்தவரைக் கேட்டிருந்தால் நிலத்தின் அளவறிந்து மந்தையை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. பாப்லோ 1914இலேயே காலமாகிவிட்டார்.

இதற்கிடையில், 1908இல் அமெரிக்க அரசு அதே பிளாட்ஹெட் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துத் தேசியப் பைசன் காப்பகம் அமைத்தது. மறு ஆண்டு அதில் விடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அலார்டின் பங்கிலிருந்து வழிவந்தவை. அக்காப்பகத்தைச் சேலிஷ், கூட்டெனாய் பழங்குடியினரிடம் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது.