சொல்லுக்கு முன் கிடைத்த எலும்பு

ஜபல்பூருக்கு அருகே, நருமதைக் கரையில் லமேட்டா என்றொரு படித்துறை உண்டு. அதன் பெயரால் வழங்கும் பாறைப்படிவம் கிரெட்டேசியக் காலத்தின் இறுதிக்கட்டத்தைச் சேர்ந்தது. மொழியியல் பயின்ற என்னை அப்பாறையின்பால் ஈர்த்தது ஒரு பெயரின் வரலாறு.

1828-இல் படை அதிகாரி ஸ்லீமன், ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் சில முள்ளெலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனோசர்' என்னும் சொல்லை ரிச்சர்டு ஓவன் ஆக்கியதோ 1842-இல். பொருள் கிடைத்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்தே அதைச் சுட்டும் சொல் பிறந்தது. 1877-இல் லிடெக்கர் அவ்வால் எலும்புகளைச் சான்றாகக் கொண்டு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' எனப் பெயரிட்டார். இந்தியாவில் அறிவியற்பெயர் பெற்ற முதல் டைனோசர் இதுவே.

காலப்போக்கில் மூல எலும்புகள் காணாமற்போயின. 2003-இல் வில்சனும் அப்சர்ச்சும், பிற இனங்களிலிருந்து பிரித்தறியத்தக்க தனிக்கூறு அவற்றில் இல்லை என்பதால் அவ்வினப்பெயர் செல்லாது என்றனர். ஆயினும் அதன்வழி வந்த 'டைட்டனோசார்' என்னும் பெருங்குழுப் பெயர், அர்ஜென்டினாவின் மாபெரும் டைனோசர்களுக்கும் இன்று வழங்குகிறது. வேர்ச்சொல் வழக்கிழந்த பின்னும் அதன் ஆக்கங்கள் வாழ்வதுண்டு அல்லவா?

2012-இல் அம்முள்ளெலும்புகளுள் ஒன்று மீண்டும் கிடைத்தது. கிடைத்த இடம் குன்றன்று; கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பு!

அகழ்ந்தெடுப்பதோடு ஆய்வு முடிவதில்லை. எடுத்த பொருளுக்கு எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, அடுத்த தலைமுறையின் கைக்கு எட்டும்படி காப்பதும் ஆய்வே. ஓலைச்சுவடியாயினும் எலும்பாயினும், சான்று தொலைந்தால் பெயர் மட்டுமே எஞ்சும். அப்பெயரைச் சரிபார்க்க வழி இராது.