46.80க்குள் பொழிச்சலூர் எங்கே?

தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்கும் கருத்துக்கணிப்புகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆட்சியிடம் மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரிப்பவை குறைவு. அப்படி விசாரித்தவற்றில் மிகப் பெரிய ஒன்றை, வேட்பாளர்களின் சொத்து விவரங்களையும் வழக்கு விவரங்களையும் தொகுத்து வெளியிடும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) 2019 மார்ச்சில் வெளியிட்டது. அந்த அறிக்கையின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் இப்படிச் சுருக்கலாம்:

2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 534 மக்களவைத் தொகுதிகளில் 2,73,487 வாக்காளர்களிடம், ஊரகம் நகர்ப்புறம் எனப் பிரித்து, 31 விஷயங்களிலிருந்து முதன்மையான ஐந்தைக் கேட்டதில், வேலைவாய்ப்பு என்றவர்கள் 46.80 விழுக்காடு, மருத்துவ வசதி என்றவர்கள் 34.60, குடிநீர் என்றவர்கள் 30.50, இவற்றில் அரசின் செயல்பாட்டுக்கு அவர்கள் தந்தது சராசரிக்கும் குறைந்த மதிப்பெண்.

இந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பொழிச்சலூரில் வைத்துப் பார்க்கிறேன். சென்னை விமான நிலையத்துக்குப் பின்புறம், அடையாற்றங்கரையில், பம்மலை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. நாடு முழுவதற்குமான ஒரு எண்ணிக்கை இங்கே வந்து இறங்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

*2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை*

கேட்ட காலம் பதிலின் ஒரு பகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியதைப் பார்த்த தெருவில், மழைக்காலத்தில் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் வருவது ஆற்றங்கரையும் வடிகாலும்தான். அதே வீட்டில் மே மாதம் கேட்டால் தண்ணி லாரி பற்றிப் பேசுவார்கள். அந்த ஆய்வு முடிந்து ஆறே மாதத்தில், 2019 ஜூனில், செம்பரம்பாக்கம், பூண்டி, செங்குன்றம், சோழவரம் ஏரிகள் வறண்டு சென்னையே குடத்தோடு நின்றது. அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் குடிநீர் எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

*534 மக்களவைத் தொகுதிகளில் 2,73,487 வாக்காளர்களிடம்*

எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே கணக்கு சரியாகிவிடாது. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, அதிபர் தேர்தலில் லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், சிரமம் பார்க்காமல் பதில் அனுப்பியவர்கள் ஒரு சாராராக இருந்ததும் அந்த இதழைக் கவிழ்த்தன. அதைவிடப் பல மடங்கு குறைவானவர்களிடம் கேட்ட கருத்துக்கணிப்பாளர் கேலப் சரியாகச் சொன்னார். ஆகவே எத்தனை பேர் என்பதற்கு முன்னால் யார் என்று கேட்க வேண்டும்.

எத்தனை பேர் என்ற கேள்வியும் முக்கியம்தான், அதைத் தொகுதி அளவுக்கு இறக்கினால். 2,73,487ஐ 534ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக 512 பேர். பொழிச்சலூர் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், பல்லாவரம், தாம்பரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்டது அது; 2024 தேர்தலில் அதன் வாக்காளர்கள் 20 லட்சத்துக்கு மேல். குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்திருந்தால், 512 பேரின் பதிலை இரு பக்கமும் நாலரைப் புள்ளிக்குள் நம்பலாம். ஆனால் அந்த 512க்குள் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களை மட்டும் பிரித்தெடுங்கள். 50 பேர் தேறினால் பெரிது. 50 பேரை வைத்துச் சொல்லும் விழுக்காடு இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 14 என்று ஆடும். '40 விழுக்காடு இளம்பெண்கள் விரும்புகிறார்கள்' என்று எழுதினால், உண்மை 26ஆகவும் இருக்கலாம், 54ஆகவும் இருக்கலாம். பிரிவு வாரியான எண்களை வெளியிடும் எவரும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைப் பக்கத்திலேயே அச்சிட்டாக வேண்டும். அது இல்லாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

'வாக்காளர்' என்பதையும் கவனிக்க வேண்டும். பொழிச்சலூரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரில், வாழ்க்கை இங்கே என்று பத்து வருஷமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களும் உண்டு. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடி வரும் ஆய்வாளர் இவர்கள் கதவைத் தட்டாமல் போய்விடுவார். இவர்கள் நடப்பதும் இதே சாலையில்தான், இழுப்பதும் இதே போர் தண்ணிதான். கணக்கில் மட்டும் இல்லை.

*ஊரகம் நகர்ப்புறம் எனப் பிரித்து*

இந்த உரையை எழுதத் தூண்டியதே இந்தத் துண்டுதான்.

நம் நாட்டில் எந்த ஆய்வு அறிக்கையைத் திறந்தாலும் ஆண் பெண், வயது, சாதி, படிப்பு, வருமானம் ஆகியவற்றோடு ஊரகம் நகர்ப்புறம் என்ற பிரிவும் இருக்கும். இதில்தான் குழப்பம் இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறோம். பொழிச்சலூருக்கு வந்து பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு ஊரை நகரமாக எண்ண மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் முக்கால் பங்காவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றையும் தாண்டிய ஊர், நிர்வாகத்தில் கிராமமாகவே இருந்தாலும், கணக்கெடுப்பில் நகரம். பொழிச்சலூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஊராட்சித் துறையின் கணக்கில் இது புனித தோமையார்மலை ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் போயின. பொழிச்சலூர் வெளியே நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இங்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

விளைவு என்னவென்றால், தெருவுக்கு இந்தப் பக்கம் ஊராட்சித் தலைவர், அந்தப் பக்கம் மாநகராட்சிக் கவுன்சிலர். இந்தப் பக்கம் கிராம சபை, அந்தப் பக்கம் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். அன்று ஊராட்சிகளில் நடந்தது கிராம சபை. இரு பக்கத்து வீடுகளின் குறைகளும் ஏறத்தாழ ஒன்றே: சாக்கடை, சாலை, குப்பை, தண்ணீர்.

இப்போது ஆய்வாளர் தன் படிவத்தில் பொழிச்சலூர்க்காரரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? ஊரகம் என்று எழுதினால், பாதாளச் சாக்கடையும் பஸ்ஸும் கேட்கும் இவருடைய குரல் உர மானியமும் பாசன நீரும் கேட்கும் குரல்களோடு கலந்து கரைந்துவிடும். அதே நேரம், கிராமத்தவர்கள் சாக்கடை கேட்கிறார்கள் என்று ஊரகக் கணக்கும் கொஞ்சம் திரியும். நகர்ப்புறம் என்று எழுதினால், மாநகராட்சி வரியும் மாநகராட்சி வசதியும் உள்ளவர்களோடு சேர்த்து எண்ணப்படுவார். ஊராட்சியின் சிறிய வருமானத்தில் நகரத்து நெரிசலைச் சமாளிக்கும் அவருடைய தனிச் சிக்கல் மறைந்துபோகும். எந்தக் கட்டத்தில் போட்டாலும் அவர் தொலைகிறார்.

என் முடிவு இதுதான்: சென்னையைச் சுற்றியுள்ள இத்தகைய ஊர்களுக்கு மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். புறநகர் ஊராட்சி என்று தனியாக எழுதி, அதற்குப் போதிய ஆட்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாநகராட்சியோடு சேர வேண்டுமா கூடாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை இவர்களுக்குத்தான் முதலில் உண்டு. அதிலும் சொந்த வீட்டுக்காரர் வரியை நினைத்துப் பதில் சொல்வார், வாடகைக்காரர் தண்ணீர்க் குழாயை நினைத்துச் சொல்வார். இரண்டையும் கூட்டிப் போட்டு ஒரே விழுக்காடு ஆக்கினால் யாருக்கும் பயனில்லை.

*31 விஷயங்களிலிருந்து முதன்மையான ஐந்தை*

பட்டியல் காட்டிக் கேட்டால் பட்டியலில் உள்ளதுதான் பதிலாக வரும். ஐந்தைச் சொல்லச் சொன்னதால்தான் விழுக்காடுகளின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நீதி-சிஎஸ்டிஎஸ் 10,019 பேரிடம் நடத்திய ஆய்வில், முக்கியப் பிரச்சினை வேலையின்மை என்றவர்கள் 27 விழுக்காடு, விலைவாசி என்றவர்கள் 23. 46.80ஐயும் 27ஐயும் பக்கத்தில் வைத்து, வேலைக் கவலை குறைந்துவிட்டது என்று யாராவது பேசினால் அது தவறு. கேட்ட விதம் வேறு, அதனால் எண்ணும் வேறு.

விலை சொல்லாமல் விருப்பம் கேட்பதும் குறைதான். பாதாளச் சாக்கடை வேண்டுமா என்றால் வேண்டும் என்பார்கள். இணைப்புக்கு டெபாசிட் கட்ட வேண்டும், இரண்டு வருஷம் தெருவைத் தோண்டிப் போடுவார்கள், சம்மதமா என்று கேட்டால்தான் உண்மையான விருப்பம் தெரியும்.

*வேலைவாய்ப்பு என்றவர்கள் 46.80 விழுக்காடு*

இந்தப் பதிலுக்குள் பல பேர் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு டெலிவரி பைக் ஓட்டும் பையன் கேட்பது படிப்புக்கு ஏற்ற வேலை. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் கான்ட்ராக்டில் இருக்கும் பெண் கேட்பது நிரந்தரம். பள்ளி விடும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டிய தாய்க்குத் தேவை பக்கத்திலேயே ஒரு அரைநாள் வேலை. மூவருக்குமான கொள்கை மூன்று.

பெண்கள் பதிலை வாங்குவதே தனி வேலை. சாயங்காலம் டேப்லெட்டும் அடையாள அட்டையுமாக ஒரு இளைஞர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் வந்து பதில் சொல்கிறார்: வேலை, ரோடு, ஊழல். மாசத்துக்கு எத்தனை கேன் தண்ணி வாங்குகிறோம் என்ற கணக்கு சமையலறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டால், 'அவர் சொன்னதுதாங்க' என்கிறார். இளைஞர் இரண்டு பேர் பதிலையும் ஒரே மாதிரி பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். பெண்ணிடம் பெண்ணே போய், தனியாக உட்கார்ந்து கேட்டால் ஒழிய இந்தக் கட்டம் பொய்யாகவே நிரம்பும். தமிழக வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்தும் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் வந்த மாநிலத்தில் இந்த அலட்சியம் கூடாது.

*மருத்துவ வசதி என்றவர்கள் 34.60, குடிநீர் என்றவர்கள் 30.50*

மருத்துவத்தில் இந்தப் பக்கத்துத் தேவை தெளிவு. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் ராத்திரி நேரத்தில் வயதானவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதுதான் பாடு. குடிநீர் அப்படியல்ல. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வட்டாரம் இது. இங்கே குடிநீர் என்று சொல்பவர் அளவை மட்டும் கேட்கவில்லை, தரத்தையும் கேட்கிறார். 30.50 என்ற எண் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

*சராசரிக்கும் குறைந்த மதிப்பெண்*

நன்று, சுமார், மோசம் என்று மூன்றே படிகள் கொடுத்து, 5க்கு மதிப்பெண்ணாக மாற்றினார்கள். வேலைவாய்ப்புக்குக் கிடைத்தது 2.15. எந்த அரசுக்கு என்பதுதான் கேள்வி: மத்திய அரசா, மாநில அரசா, ஊராட்சியா? சாலை ஒரு துறையிடம், குடிநீர் இன்னொன்றிடம், விளக்கு ஊராட்சியிடம் இருக்கும் ஊரில் 'அரசு' என்று பொதுவாகக் கேட்டு வாங்கிய மதிப்பெண்ணை யார் தலையிலும் கட்ட முடியாது.

2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வருபவரிடம் பதில் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னை ஊரகத்தில் எழுதுகிறீர்களா, நகர்ப்புறத்தில் எழுதுகிறீர்களா? என்னைப் போன்ற எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? கேள்வித்தாளோடு சேர்த்து முடிவை எங்கே வெளியிடுவீர்கள்? அதன் பிறகு வீட்டிலுள்ள பெண்களைத் தனியாகப் பேசவிடுங்கள்.